கடைசி வரிக்குச் சிலுவை

ஜூலை 6, சனி

விடியற்காலையிலிருந்து சாரல். ஜன்னலை அடைத்தும் கடல் இரைச்சல். பி.பி. மாத்திரை இரண்டு நாளைக்குத்தான். வாங்க வேண்டும். காஸ் பதிவு செய்தாயிற்று. மாடிக் கைப்பிடியில் மறுபடி துரு.

கோயில் இணையப் பக்கத்தில் ஒரு வேலை முடிந்தது. யார் யாருக்காகப் பூசை என்ற பெயர்ப் பட்டியலில் ஒன்று விட்டு ஒரு வரிக்கு இளமஞ்சள் பின்னணி. li:nth-child(2n) என்று ஒரே கட்டளை. இரண்டு, நான்கு, ஆறு என்று தானே எண்ணிக்கொள்கிறது. வயதானவர்கள் அலைபேசியில் படிக்கும்போது வரி தவறாது. மணல் ஆலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தேன். அட்டவணைக்கு ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு இழுப்பேன். இப்போது கோடு இழுக்க வேண்டாம். சொன்னால் போதும்.

இதைப் படித்தது தவக்காலத்தில். கணினியில் இலவசப் பாடம். யாரிடமும் கேட்கவில்லை. பழைய பக்கம் கண்ணை உறுத்தியது. மாதாவின் படத்துக்கு மேல் ஓடுகிற எழுத்து, அதுவும் பச்சை.

பட்டியலுக்கு இப்போது என் விதிகள்:

முதல் வரி, first-child. நன்றிப் பூசை அல்லது திருவிழாப் பூசை. நீலம், தடித்த எழுத்து.

இரட்டை வரிகள், மஞ்சள்.

பட்டியலுக்குள் நவநாள் பட்டியல் வந்தால் அதன் வரிகளுக்கு இவை படக்கூடாது. நடுவில் > போட்டு, நேர் வரிகளுக்கு மட்டும் என்று. இது பிடிபட மூன்று நாள்.

கடைசி வரி, last-child. இறந்தவர்கள். நம் கோயில் பங்கில் அவர்கள் பெயர் எல்லாம் ஒரே வரியில், கமா இட்டு, எப்போதும் கடைசியில். சாம்பல் நிறம், முன்னால் ஒரு சிலுவை, ஊர்ப் பேச்சில் குரிசு. சூசையிடம் வாராவாரம் "சிலுவை போட்டியா" என்று கேட்க வேண்டாம். பக்கமே போட்டுக்கொள்ளும். நான்கிலும் எனக்குப் பெருமையானது இதுதான்.

சூசை கோயில்பிள்ளை. சாவி, மணி, மெழுகுதிரி, பெயர் கொடுப்பவர்களின் துண்டுச்சீட்டு எல்லாம் அவன் பொறுப்பு. சனிக்கிழமை பெயர்களை அலைபேசியில் அடித்துப் பக்கத்தில் ஏற்றுவான். ஒற்றுப்பிழை குறைந்தது நாலு. பெயர் மட்டும்தான். எதற்காகப் பூசை என்று எழுதும் வழக்கம் இல்லை. நோய் என்று எழுதினால் ஊர் வாய்க்கு அவல்.

சாயங்காலம் அடுத்த வீட்டு ரீத்தா சுவருக்கு மேலே தலை நீட்டி, "பிலோமியக்காவ நாரோயிலு ஆஸ்பத்திரில சேத்திருக்காவ. நெஞ்சுவலி. ஐ.சி.யூ.வாம். அறிஞ்சியளா?"

"அறிஞ்சேன்" என்றேன். அறிந்திருக்கவில்லை.

பிலோமினா. கான்வென்டில் ஏழு வருடம் ஒரே பெஞ்ச். இருபத்துமூன்று வருடமாகப் பேச்சில்லை. ஒரே கோயில், ஒரே பூசை. அவள் தூணுக்கு வலப்பக்கம், நான் இடப்பக்கம்.

ஆறு மணிக்குக் குடையோடு கோயிலுக்குப் போனேன். சூசை பூசைத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். பூசைக் காணிக்கைக் கவரையும் சீட்டையும் கொடுத்தேன்.

"பட்டியல் ஏத்தியாச்சே அக்கா."

"ஒரு பேரு கூடிச் சேத்துக்க."

சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "பிலோமியக்காவுக்கா? நீங்களா?"

"சுகத்துக்கு. குடுத்தது நான்னு யாருக்கும் தெரியப்படாது. சாமியாருக்கும்."

"கேட்டா?"

"கேட்டாலும்."

பீடத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தான். "சத்தியம். கீழ சேத்து விடுதேன்."

மழைக்கு முன் வீடு. மாத்திரை வாங்க மறந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

வெயில். முதல் பூசைக்குப் போய் ஏழரைக்கு வீடு. இட்லிக்கு மாவு புளித்துவிட்டது. தோசை.

எட்டேகாலுக்கு ரீத்தா, செருப்பில்லாமல். "செலினக்கா, பிலோமியக்கா போயிட்டாவளாம்!"

"சாவு மணி அடிக்கல்லியே."

"மணி அடிக்கல்ல. கோயில் பேஜுல குரிசு போட்டிருக்கு."

தோசைக்கல் அடுப்பிலேயே. நடந்தேன். எங்கே நடந்தேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவள் வீட்டுக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. கடற்கரை வரை போய்த் தடுப்புக் கல்லில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வள்ளங்கள் எல்லாம் மேலே ஏற்றிக் கிடந்தன. அரை மணி நேரம் அவள் இறந்துவிட்டாள் என்று நம்பியிருந்தேன். அந்த அரை மணியைப் பற்றி எழுத மாட்டேன்.

பிறகு தெரிந்தது. சாகவில்லை. சனி இரவே வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

நடந்தது இது. அவள் மகன் ஆன்றோ குவைத்தில். வேலைக்குக் கிளம்பும் முன் பக்கத்தைப் பார்த்திருக்கிறான். அம்மை பெயருக்கு முன்னால் சிலுவை. உறவுக்கெல்லாம் அடித்துச் சொல்லிவிட்டு, கடைசியில் அம்மையின் எண்ணுக்கே அடித்திருக்கிறான். எடுத்தது அவளே. கோயில் முற்றத்தில் ஒருத்தி நடித்துக் காட்டினாள்: "'ஏலே, நான்தாம்ல பேசுதேன்' இண்ணு சொல்லுதாவ. இவன் கேக்காண்டாமா? 'எங்கம்மைக்க போன வச்சிருக்கது யாரு'ன்னு அழுதானாம்." சிரித்தார்கள். அதற்குள் சவப்பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு வேன் ஆள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது.

இரண்டாம் பூசை முடியும் நேரம் பிலோமினாவின் மகள் விமலா ஆட்டோவில் வந்து இறங்கினாள். நேரே சூசையிடம்.

"உசிரோட கெடக்க எங்கம்மைக்கு ஆத்தும பூசை குடுத்தது யாரு?"

சூசை கையிலிருந்த மெழுகுதிரியைக் கீழே வைத்தான்.

"பேரச் சொல்லும். உசிரோட உள்ளவளுக்கு ஆத்தும பூசை குடுத்தா ஆளு போயிரும்னு தெரிஞ்சுதானே குடுத்திருக்காவ? எவ அது?"

"சொல்லப்படாது மக்கா."

"அப்போ நீருதான்!"

பங்குச் சாமியார் வந்தார். இளையவர், வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அவரும் கேட்டார். சூசை அவரிடமும் சொல்லவில்லை. நான் தூண் பக்கம் நின்றேன். ஒரு முறைகூட என் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை அவன்.

சாமியார் என்னிடம், "பக்கம் உங்க பொறுப்புதானே அம்மா? இது எப்படி வந்துது?"

"பக்கம் சரியாத்தான் இருக்கும் ஃபாதர். உள்ள அடிக்கது சூசை."

அவ்வளவுதான் சொன்னேன். சாமியார் சூசையின் கையிலிருந்து சாவிக்கொத்தை வாங்கினார். எல்லோரும் பார்க்க. அடுத்த ஞாயிறு பங்குப் பேரவை கூடி முடிவு செய்யும், அதுவரை வர வேண்டாம்.

சொல்லும் முன் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவ்வளவு நிச்சயம் எனக்கு.

ஜூலை 8, திங்கள்

மழை. மின்சாரம் பத்து மணிக்குத்தான் வந்தது.

பக்கத்தைத் திறந்தேன். சூசை எங்கே பிழை செய்தான் என்று கண்டுபிடித்துச் சாமியாருக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று.

கடைசி வரி: சாம்பல் நிறம், சிலுவை, பிலோமினா.

அதற்கு மேல் வரி: மரியதாசன், அந்தோனியம்மாள், சின்னப்பன். மூவரும் இறந்தவர்கள். கறுப்பு எழுத்து. சிலுவை இல்லை.

மறுபடி மேலிருந்து பார்த்து வந்தேன். சூசை தவறாக ஒரு சிலுவை அடித்திருந்தால் பக்கத்தில் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது. சிலுவை கூடவில்லை. இடம் மாறியிருக்கிறது.

அவன் அடித்ததைப் பார்த்தேன். பெயர் மட்டும். சுத்தமாக. ஒற்றுப்பிழைகூட இல்லை, அந்த ஒரு வரியில்.

"கீழ சேத்து விடுதேன்" என்றான். கீழே சேர்த்தான். இறந்தவர்களுக்கும் கீழே. என் கட்டளை கடைசி வரி எதுவோ அதற்குச் சிலுவை போட்டது. அது சொன்னபடி செய்தது. இறந்தவர் வரி எப்போதும் கடைசி என்பது ஊர் வழக்கம். அது எனக்குத் தெரியும், கணினிக்கு யார் சொன்னது? பிந்தி வந்த சீட்டும் யாருடையது? வியாழக்கிழமையே அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். சனி மதியத்துக்குள் நான் கவரைக் கொடுத்திருந்தால் அவள் பெயர் நடுவில் வந்திருக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் சனி சாயங்காலம் தெரிந்ததும் ஒரு கணக்குதான். என்னிடம் யாரும் அவள் பேச்சை எடுப்பதில்லை.

திருத்த இருபது நிமிடம். இறந்தவர் வரிக்குத் தனியாக ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயருள்ள வரிக்கு மட்டும் சிலுவை. எங்கே நின்றாலும் சரி. முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம். ஒரு கட்டளையில் முடிகிறதே என்ற பெருமையில் செய்யவில்லை.

பழைய கோப்பை அழிக்கவில்லை. தட்டச்சுக்காரி புத்தி, நகல் எடுத்து வைத்தாயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன். சிலுவை போட்டது என் கட்டளை என்றால், பெயர் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். அதுவும் நான். இருபத்துமூன்று வருடம் பகையாக இருந்தவள் ஆத்தும பூசை கொடுத்து, சிலுவையும் போட்டாள். இப்படித்தான் ஊர் பேசும். சுகத்துக்குத்தான் கொடுத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

மாத்திரை வாங்கினேன். வெங்காயம், தேயிலை, கொசுவர்த்தி.

சூசை வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி தாழ்வாரத்தில் உட்கார்ந்து கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இவரு பத்தொம்பது வருசமா மணி அடிச்சாரு. நேத்து திரிகால மணிக்கு எந்திச்சு வாசல் வர போயி திரும்பி வந்தாரு. எனக்குப் பாக்கச் சகிக்கல்ல."

சூசை உள்ளேயிருந்து வந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"நீங்க வெசனப்படாதீங்க அக்கா. சத்தியம் பண்ணினதுலா. சொல்ல மாட்டேன்."

"சூசை, நீ சிலுவை ஏதாவது அடிச்சியா?"

"அடிக்கல்ல. ஆனா எனக்க விரலு தடிச்ச விரலு. அது எங்கயோ பட்டு அமுங்கியிருக்கும். நேத்தைக்கு முழுக்க யோசிச்சேன். எங்க பட்டுதுன்னு தெரியல்ல." கையை விரித்துப் பார்த்தான். "அந்தப் பய ஆன்றோ அழுதானாமே. எனக்க தப்புதான்."

சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். வேறு யாரும் இல்லை. அவன் மனைவியும் உள்ளே போய்விட்டாள்.

"மழை நிக்காது போலிருக்கு" என்றேன்.

"நிக்காது" என்றான்.

திரும்பும்போது வாசல் வரை வந்து குடையை விரித்துக் கொடுத்தான்.

ஜூலை 10, புதன்

எழுத ஒன்றுமில்லை. துணி காயவில்லை. மகள் ஷீபா கனடாவிலிருந்து பேசினாள். "மம்மி, வாய்ஸ் ஒரு மாதிரி இருக்கே?" சளி என்றேன்.

இருபத்துமூன்று வருடம் முன்பு ஷீபாவைத்தான் பெண் கேட்டு வந்தாள் பிலோமினா. ஆன்றோவுக்கு. மட்டிப்பழக் குலை ஒன்று, நாத்தனார் ஒருத்தி துணைக்கு. என் வீட்டுக்காரர் அப்போது இருந்தார். யோசித்துச் சொல்லுகிறோம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மீன் கடவம் எறங்குத வீட்டுக்கு எனக்க பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

நாத்தூன் முன்னால். அடுத்த வீட்டுக்குக் கேட்க.

என் அம்மையே கடவம், அந்த ஓலைக்கூடை, சுமந்தவள். கடியப்பட்டணத்தில் மீன் எடுத்து இரணியல் வரை தலையில் கொண்டு போய் விற்று வந்தாள். அந்தக் கடவம்தான் என்னைக் கான்வென்டில் சேர்த்தது. சிஸ்டர்களிடம் அம்மை வீட்டு வேலை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பிலோமினாவுக்குத் தெரியும். ஏழு வருடமும் பெஞ்சில் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு என் வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் தலை நிமிர்ந்திருக்க முடியாது. சொல்லவில்லை. பழக்குலையை வைத்துவிட்டு, "பிள்ளியளுக்குக் குடு" என்று சொல்லிப் போனாள்.

குலையை வேலைக்காரிக்குக் கொடுத்தேன். இதை இதுவரை எழுதியதில்லை.

ஜூலை 11, வியாழன்

நாகர்கோவிலுக்குப் பஸ். ஆரஞ்சு வாங்கினேன். வார்டு இரண்டாம் மாடி. லிஃப்டில் வரிசை, படியேறினேன். முட்டி.

நடைவழியிலேயே அவள் குரல் கேட்டது. நர்ஸிடம். "செத்தவளுக்கு என்னத்துக்கு மோளே ஊசி? கோயில்ல எழுதியே போட்டாச்சு." நர்ஸ் சிரிக்கிறாள். விமலா, "அம்மா, சும்ம கெடங்க. அந்தப் பாவி யாருன்னு தெரியட்டும். கோயில் படி ஏற விடமாட்டேன்."

கதவுக்கு எட்டடி முன்னால் நின்றேன். திரும்பிவிட்டேன்.

ஆரஞ்சு பஸ்ஸில் ஒரு கைப்பிள்ளைக்காரிக்கு.

ஜூலை 13, சனி

நேற்று பிலோமினா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று ரீத்தா. நாளை பங்குப் பேரவை. சூசையை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடப் பேச்சு.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனம். யோசித்துத்தான் போனேன். இதுதான் வழி என்று பட்டது. சல்லடைத் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டுச் சாமியாரிடம் எல்லாம் சொன்னேன். கட்டளை என்னுடையது. பெயர் கொடுத்தது நான். தெரிந்த பிறகு ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. சாமியாருக்கு இனி உண்மை தெரியும், நாளை அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நிம்மதி.

சாமியார் சல்லடைக்குக் கிட்டே வந்தார்.

"அம்மா, நீங்க இங்க சொன்னத நான் வெளியே எடுக்க முடியாது. உங்களுக்குத் தெரியாததா? நாளைக்கு சூசைய நிறுத்தணும்னு பேரவை சொன்னா, எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரிதான் நான் உட்காந்திருக்கணும். என் வாயையும் அடைச்சிட்டு வந்திருக்கீங்க."

எழுபத்திரண்டு வயதில், கான்வென்டில் படித்தவள், இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அங்கே போனேனோ என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அபராதமாக ஜெபம் ஒன்றும் கொடுக்கவில்லை. "வெளியே வந்து சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 14, ஞாயிறு

எழுதி முடித்துவிட்டுப் படுக்க வேண்டும்.

காலையில் பழைய கோப்பைப் பக்கத்தில் மறுபடி ஏற்றினேன். பழைய கட்டளை, அப்படியே. பட்டியலும் போன வாரத்ததுதான், சூசை இல்லாமல் புதிது ஏறவில்லை. மடிக்கணினியைச் சேலைத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன்.

பங்கு மண்டபம். பேரவைக்காரர் பதினைந்து பேர் என்றால் வேடிக்கைக்கு நூறு பேர். சூசை பின்சுவர் ஓரம். விமலா முன்வரிசையில்.

எழுந்து நின்றேன். "அந்தப் பேரு குடுத்தது நான்."

முன்வரிசையில் நாற்காலி தள்ளும் சத்தம். அப்புறம் விமலா. "பாத்தியளா! நான் சொன்னேன்லா! எங்கம்மை மூஞ்சில முழிக்காதவ, ஆத்தும பூசை குடுக்க மட்டும் வந்திருக்கா!"

"ஆத்தும பூசை இல்ல மக்கா. சுகத்துக்கு."

"பின்ன குரிசு எங்ஙன வந்து? சம்மனசு பறந்து வந்து போட்டுதா?"

"நான் போட்டேன். உங்கம்மைக்கு இல்ல. கடைசி வரிக்கு."

யாருக்கும் புரியவில்லை. எனக்கே சொல்லும்போது பொய் போலக் கேட்டது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு டி.வி.யில் கணினியை மாட்டினார்கள். பட்டியலைக் காட்டினேன். "வரிசையில கடைசியா நிக்கது எதுவோ அதுக்குக் குரிசு போடுன்னு சொல்லி வச்சேன். நிக்கது யாருன்னு அது பாக்காது. இறந்தவங்க வரி எப்பவும் கடைசியில வரும்னு நெனச்சேன். நான் பிந்திக் குடுத்தேன். சூசை கீழ சேத்தான். அவன் ஒரு தப்பும் செய்யல்ல."

ஒரு கிழவர், "அப்போ யாரு நின்னாலும் குரிசா?"

"யாரு நின்னாலும்."

"கத விடாதீங்க மாமி" என்றாள் விமலா. "அப்படின்னா ஒங்க பேரப் போட்டுக் காட்டுங்க பாப்போம்."

இந்தக் கரையில் அந்தத் துணிவு யாருக்கும் வராது. எனக்கும் வரவில்லை. விரல் எழுத்துப் பலகை மேல் நின்றது. முப்பத்தொரு வருடம் யாரும் என்னைத் தட்டச்சுப் பலகைக்கு முன்னால் தயங்கிப் பார்த்ததில்லை.

கடைசி வரியில் அடித்தேன். செலின். ஏற்றினேன்.

டி.வி.யில் பிலோமினா கறுப்பானாள். அவளுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் நான். முன்னால் சிலுவை.

"எனக்க யேசுவே! ஏட்டி, எடு, எடு!" என்று ஒரு கிழவி.

விமலா நின்றபடியே திரையைப் பார்த்தாள். நிறைய நேரம். உட்கார்ந்தாள்.

பின்சுவரிலிருந்து சூசை, "அப்போ எனக்க விரலு இல்லியா?" என்று கேட்டான். மறுபடி கேட்டான். "எனக்க விரலு இல்லியா அக்கா?"

"இல்ல சூசை. திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். செவ்வாக்கிழம உனக்க வீட்டுக்கு வரும்போதும் தெரியும்."

அவன் குனிந்து விரல்களைப் பார்த்துக்கொண்டான். சாமியார் சாவிக்கொத்தைக் கொண்டு போய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டான். என் பக்கம் பார்க்கவில்லை. போன ஞாயிறும் பார்க்கவில்லை. அன்று பார்க்காதது எனக்காக.

கலையும் நேரம் விமலா தன் அலைபேசியை என் முன்னால் நீட்டினாள். "அம்மைக்குப் பேசணுமாம்."

திரையில் பிலோமினா. பல்செட் இல்லை. முகம் பாதியாகிவிட்டது. நெற்றி அதே நெற்றி.

"ஏட்டி செலினு."

இருபத்துமூன்று வருடம் கழித்து.

"செத்துட்டியாமே?"

"ம்."

"எங்ஙன இருக்கு?"

"நல்லால்ல."

"நல்லாவா இருக்கும்?" மூச்சு வாங்கினாள். "பேர எடுக்கப் போறியா?"

"எடுக்கணும்."

"எடுக்காண்டாம். நான் ஒரு நாள் முழுக்கக் கெடந்தேன்லா. நீயும் கெட. எப்பிடி இருக்குன்னு பாரு."

"சரி" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பூசைக்குக் கவரு குடுக்கக் கோயிலுக்கு வந்த காலு. ஆஸ்பத்திரிக்கு வரல்லியே செலினு."

வியாழக்கிழமை போனதைச் சொல்லவில்லை. எட்டடி தூரம் வரை போனது போனதாகாது.

"வைக்கட்டா" என்று வைத்துவிட்டாள். வா என்று சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

மழை இல்லை. துணி காய்ந்தது.

பக்கத்தில் என் பெயர் அப்படியே. சூசை காலையில் மணி அடித்தான். கேட்டேன்.

ஆறு மணியிலிருந்து அலைபேசி. வளைகுடா முழுவதும் நம் ஊர்க்காரர்கள் இந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள் போலும். மஸ்கட், தோஹா, தமாம். சிலர் நான் எடுத்ததும் வைத்துவிட்டார்கள், பயந்து. உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் விடுவதில்லை. பின்னே சிலுவை எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டளை, கவர், சூசை, ஐந்து நாள். இதுவரை பதினொரு பேருக்கு. குறைத்துச் சொல்லவில்லை. நான்காவது ஆளிடம் சூசை வீட்டுக்குப் போனதை விட்டுவிட்டேன். திரும்ப அழைத்து அதையும் சொன்னேன்.

ஷீபா அழுது, பிறகு திட்டினாள். அவளுக்கு மட்டிப்பழக் குலையையும் சேர்த்துச் சொன்னேன். "எனக்கு அப்பவே கேட்டுது மம்மி. ரூமுக்குள்ளதான் இருந்தேன்" என்றாள்.

பதினொன்றரைக்குத் தெரியாத எண். குவைத். எடுத்தேன். மறுமுனையில் இயந்திர ஓசை, காற்று. ஓர் ஆண் குரல். கேட்டு எத்தனை வருடம், ஆனாலும் தெரிந்தது.

"மாமி, ஆன்றோ பேசுதேன். இருக்கியளா?"